மாமியார் வீட்டு மொஹிங்காவும் மாப்பிள்ளையோட விரதமும்

இந்த தடவை எடுத்துக்கிட்ட லெட்டர் யாங்கூன்ல கணக்கு வேலை பாக்குற ஒரு தம்பியோடது. வயசு 29, சொந்த ஊரு தட்டோன் பக்கம். பேரு, தெரு, வேலை பாக்குற இடம் எல்லாத்தையும் எடுத்துட்டேன், ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தியும் வெச்சிருக்கேன், அதனால யாரா இருக்கும்னு தேடாதீங்க. லெட்டரு நாலு பக்கம், சுருக்கி சொல்றேன்.

தம்பிக்கு வர்ற தை மாசம் கல்யாணம். பொண்ணோட அப்பா நம்ம தமிழ் ஆளு, அம்மா பர்மாக்காரங்க. பிரச்சனை என்னன்னா தம்பி சாப்பிடுறது மொத்தமே ஒம்பது ஐட்டம்தான், அவரே லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்காரு, நான் எண்ணிப் பாத்தேன்: வெள்ளச்சோறு, ரசம், பருப்பு, உருளைக்கிழங்கு பொரியல், முட்டை, சீனி தொட்டு பரோட்டா, பருப்பு வடை, வாழைப்பழம், அப்புறம் ஒரே ஒரு கடையில வாங்குற பொரிச்ச கோழி. இதத் தாண்டி புதுசா எது தட்டுல வந்தாலும் தொண்டை அடைச்சுக்குது, கை வேர்க்குது, வாய்க்கிட்ட கொண்டு போனா குமட்டுது.

பொண்ணு வீட்டுக்கு மொத தடவை போனது பர்மாக்காரங்களோட வா மாசத்துல, அதாவது புத்த சமயத்து மழைக்கால விரத மாசங்கள்ல. தட்ட தள்ளி வெக்க வழி தெரியாம "நான் தெத்தத்லுத்"னு சொல்லிட்டாரு, அதாவது உயிர்க்கொலை இல்லாத சைவ சாப்பாட்டு விரதம்னு. அந்தம்மா பாவம், அடுத்த வாரம் கூப்பிட்டு டோஃபு, காளான், மொளகட்டின பயறு, லப்பெட்டுங்கிற ஊற வெச்ச தேயிலை எல்லாம் பரப்பி வெச்சுட்டாங்க, தம்பியால அதுலயும் ஒண்ணத் தொட முடியல, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துட்டாரு. அப்புறம் தடிஞ்ஜுட் பண்டிகை வந்து வா முடிஞ்சது, விரதமும் முடிஞ்சிருக்கும்னு நெனச்சு அவங்க விடியக்காலம் எந்திரிச்சு மீன் கொழம்பு ஊத்தின நூடுல்ஸ், அதான் மொஹிங்கா, வெச்சுட்டாங்க. அதுக்கு நடுவுல தம்பி ஃப்ரெண்டு ஒருத்தரு ஃபேஸ்புக்ல போட்ட பிறந்தநாள் போட்டோ, அதுல தம்பி கையில கோழிக்கால். பொண்ணு ஒரே கேள்விதான் கேட்டுச்சாம்: "எங்கம்மா பர்மாக்காரிங்கிறதால தானே அவங்க கையால சாப்பிட மாட்டேங்குற?"

தம்பி என்கிட்ட கேக்குறது அஞ்சு விஷயம். இது நோயா, இதுக்கு மாத்திரை இருக்கா, அக்கா வீட்டுக்காரரு "ரசத்துல கொஞ்சம் கொஞ்சமா நாப்பி கலந்து குடுத்தா தானா பழகிரும்"னு சொல்றாரே (நாப்பின்னா ஊற வெச்ச மீன், எறா விழுது) செய்யலாமா, பொறக்கப்போற புள்ளைக்கும் இது வருமா, பேசாம கல்யாணத்தையே தள்ளி வெச்சிரலாமா.

தம்பி, முதல்ல அந்தப் பொண்ணோட கேள்விக்கு வர்றேன், ஏன்னா உங்க அஞ்சு கேள்வியையும் விட அது பெருசு. இந்த ஊர்ல தெருவுல ஆளப் பாத்தா "ஸா பீபீலா"ன்னு தான் கேக்குறோம், நாம வீட்டுல "சாப்பிட்டாச்சா"ன்னு கேக்குறதும் அதேதான். ரெண்டு பக்கத்துக்கும் சாப்பாடுன்னா மரியாதை, பாசம், சமாதானம் எல்லாம் சேந்த ஒண்ணு. அப்படிப்பட்ட எடத்துல காரணம் சொல்லாம தட்ட தள்ளினா எதிராளி தனக்குத் தெரிஞ்ச காரணத்த எழுதிக்குவாங்க. தலமுறை தலமுறையா நம்ம வீடுகள்ல நாப்பி வாடையப் பத்தி என்னென்ன பேசியிருக்கோம்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும், அந்தப் பொண்ணும் அத கேட்டுத்தான் வளந்திருக்கும். அதனால அது கேட்டதுல தப்பே இல்ல. உங்க மனசுல அப்படி ஒரு எண்ணம் இல்லைன்னு உங்க லெட்டர்லயே தெரியுது, நம்ம வீட்டு கத்திரிக்கா குழம்பையே நீங்க தொடுறதில்லையே. ஆனா அது எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம், அந்தப் பொண்ணுக்குத் தெரியணும்.

பிடிவாதம்னு யாரு சொன்னது

"எங்கம்மா செல்லம் குடுத்து கெடுத்துட்டாங்க"ன்னு லெட்டர்ல மூணு எடத்துல எழுதியிருக்கீங்க. அந்தம்மாவ விட்ருங்க. தெரியாத சாப்பாட்டப் பாத்து பின்வாங்குறது மனுசனுக்கு மட்டும் உள்ள கொணம் இல்ல, எல்லாத்தையும் திங்கிற எந்தப் பிராணிக்கும் உண்டு. எலிக்கு மருந்து வெச்சுப் பாத்திருக்கீங்களா? மொத நாள் கிட்டயே வராது, வந்தாலும் ஒரு கொறி கொறிச்சுட்டு போயிரும், ஏன்னா எலியால வாந்தி எடுக்க முடியாது, தப்பானத முழுங்கிட்டா அதோட கதை முடிஞ்சது. ஒரே தழையத் திங்கிற கோலாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. எலிக்கும் நமக்கும்தான் புதுசு வேணும்ங்கிற ஆசையும் புதுசுன்னா பயமும் ஒண்ணா ஓடுது. பால் ரோசின்னு அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஒருத்தரு 1976லயே இத எழுதி வெச்சாரு.

மனுசப் புள்ளைங்களுக்கு இந்தப் பயம் ரெண்டு வயசுக்கு மேல ஏறி ஆறு வயசு வரைக்கும் உச்சத்துல நிக்கும், நடக்கப் பழகி கண்டத வாயில போடுற வயசுல அது ஒரு காவல் மாதிரி. அப்புறம் நெறைய பேருக்கு தானா கொறையும், சில பேருக்கு கொறையறதில்ல. 1992ல கனடாவுல ப்ளைனர், ஹாப்டன்னு ரெண்டு பேரு இத அளக்கறதுக்குன்னே பத்து கேள்வி வெச்ச ஒரு அளவுகோல் உண்டாக்குனாங்க, பெரியவங்களுக்குத் தான் அது, அப்ப உங்கள மாதிரி ஆளுங்க எத்தன பேரு இருக்கணும்னு யோசிச்சுக்கோங்க.

கசப்பு வேற ஒரு கணக்கு. 1931ல ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு கெமிஸ்ட்டு லேப்ல ஒரு பொடிய கொட்டும்போது காத்துல பறந்துருச்சு, பக்கத்துல நின்னவரு "கசக்குது"ன்னு மூஞ்சிய சுளிக்கிறாரு, ஃபாக்ஸுக்கு ஒண்ணுமே தெரியல. அதுல இருந்துதான் சில வகை கசப்பு ஒருத்தருக்கு ஒரு மாதிரியும் இன்னொருத்தருக்கு வேற மாதிரியும் இருக்கும், அது பொறப்புலயே வர்றதுன்னு தெரிய வந்துச்சு. அந்தம்மா லப்பெட் தட்ட வெக்கும்போது இலைகளிலே ஒசத்தி லப்பெட்டுங்கிற அவங்க பழமொழிய மனசுல வெச்சுத்தான் வெச்சிருப்பாங்க, உங்க நாக்குக்கு அது வெறும் கசப்பு இலை. ரெண்டு பேரு மேலயும் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல.

மீன் கதை வேற

லெட்டரோட மூணாவது பக்கத்துல ஒரு வரி எழுதிட்டு கடந்து போயிட்டீங்க, ஏழு வயசுல மீன் முள்ளு தொண்டையில சிக்கி ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனாங்கன்னு. நான் அங்கதான் நின்னுட்டேன். மத்த சாப்பாட்டுல உங்களுக்கு இருக்கிறது "இது என்னன்னு தெரியலையே"ங்கிற தயக்கம். மீன்ல இருக்கிறது "செத்துருவேன்"ங்கிற பயம். ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி வெச்சிருக்கீங்க, அதனால தான் மொஹிங்கான்னு பேர கேட்டாலே தொண்டை அடைக்குது, அது மீனக் கரைச்சு வெக்கிற கொழம்பாச்சே.

எனக்கே ஒண்ணு இருக்கு, சொல்றேன். பன்னண்டு வயசுல ஒரு சாயங்காலம் ஒன்னோ கவ்ஸ்வே சாப்பிட்டேன், அன்னிக்கு ராத்திரி காய்ச்சல், தேங்காப்பாலும் நூடுல்ஸுமா அம்புட்டும் வெளிய வந்துச்சு. வீட்டுல எல்லாரும் அதேதான் சாப்பிட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல, காய்ச்சலுக்கும் அதுக்கும் சம்மந்தமே கிடையாது. ஆனாலும் இருபது வருசத்துக்கு மேல தேங்காப்பால் கொதிக்கிற வாசனை வந்தா நான் தெரு மாறிப் போவேன், மருத்துவம் படிச்சும் கூட. வயிறு பொரட்டினா அதுக்கு முன்னால வாயில பட்டது எதுவோ அதுமேல பழி போடுறது ஒடம்போட வழக்கம், ஜான் கார்சியான்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1950கள்லயே எலிகள வெச்சு இத காட்டிட்டாரு. உங்க முள்ளு கதையில பழி குமட்டல்ல இருந்து வரல, பயத்துல இருந்து வந்திருக்கு, ஆனா ரெண்டுக்கும் புத்தி சொல்லி பிரயோஜனம் இல்லைங்கிறது ஒண்ணுதான். அதனால மீன இப்போதைக்கு லிஸ்ட்ல இருந்து எடுத்துருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மீன் திங்கப் பழகணும்னு ஒரு சட்டமும் இல்ல.

நோயா, மாத்திரையா

புதுசு பிடிக்காதது நோய் கிடையாது. ஆனா சாப்பாடு சுருங்கி சுருங்கி எடை கொறையுது, ஒடம்புல சத்து இல்லாம போகுது, இல்ல வெளிய நாலு பேரோட பழகவே முடியலங்கிற நெலைக்கு வந்தா அதுக்கு மருத்துவத்துல தனியா பேரு இருக்கு, 2013ல இருந்து ஏஆர்எஃப்ஐடின்னு சொல்றாங்க, ஒல்லியாகணும்னு பட்டினி கெடக்கிறதுல இருந்து இது வேற. நீங்க விருந்து வீடுகள தவிர்க்கிறதையும் கை வேர்க்கிறதையும் பாத்தா அந்த எல்லைக்கிட்ட நிக்கிறீங்கன்னு எனக்கு தோணுது, லெட்டர வெச்சு முடிவு சொல்ல மாட்டேன், நேர்ல ஒரு டாக்டரு பாக்கணும். இதுக்குன்னு தனி மாத்திரை கிடையாது, யாராவது ஊசி, மருந்து, மந்திரிச்ச கயிறுன்னு காசு கேட்டா குடுத்துறாதீங்க. இதுக்கு உள்ள வழி பழக்கம்தான், கூட ஒரு மனநல ஆலோசகர் இருந்தா இன்னும் சுலபம்.

ரத்த டெஸ்ட் மட்டும் தள்ளிப் போடாதீங்க. தீட்டின வெள்ளச்சோறு, உருளைக்கிழங்குன்னே வருசக்கணக்கா ஓட்டுறீங்க, கீரை காய் ஒண்ணு கிடையாது, பழம் வாழைப்பழம் மட்டும். முட்டையும் பருப்பும் இருக்கிறதால நெலம அவ்வளவு மோசமா இருக்காது, ஆனாலும் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12 மூணையும் பாத்துருங்க. கால் மரத்துப் போறது, ஈறுல ரத்தம், நாக்கு எரிச்சல், மாடி ஏறினா மூச்சு வாங்குறது, இதுல ஒண்ணு இருந்தாலும் தை மாசம் வரைக்கும் காத்திருக்காதீங்க.

மச்சானோட நாப்பி ரசம்

வேண்டவே வேண்டாம். நல்ல மனசோட தான் சொல்றாரு, ஆனா கண்டுபிடிச்ச அன்னிக்கு என்ன ஆகும்னு பாருங்க, உங்க லிஸ்ட்ல இருந்து ரசம் போயிரும். ஒம்பது எட்டாகும். வீட்டுல யாரு எது குடுத்தாலும் மோந்து பாத்துட்டு தான் வாயில வெப்பீங்க. எறா நாப்பியா இருந்து உங்களுக்கு எறா அலர்ஜி இருந்தா அது வேற ஆபத்து, இதுவரைக்கும் எறா சாப்பிட்டதே இல்லைங்கிறதால அது இருக்கா இல்லையான்னே உங்களுக்கு தெரியாது. பட்டினி போட்டா பழகிருவாங்கிறதும் இதே ரகம்தான். சாதாரண புள்ளைங்க பசிச்சா எதையாவது திங்கும், இந்த அளவுக்கு பயம் இருக்கிறவங்க பசியோட படுத்துருவாங்க. நீங்களே எழுதியிருக்கீங்களே, ஸ்கூல் டூர்ல ரெண்டு நாள் வாழைப்பழத்துலயே ஓட்டுனேன்னு.

அந்தம்மாகிட்ட என்ன சொல்றது

கல்யாணத்த தள்ளி வெக்கிறதால நாக்கு மாறாது, பொய் மட்டும் இன்னும் ஊறும். முதல்ல பொண்ணுகிட்ட தனியா உக்காந்து அந்த ஒம்பது ஐட்டம் லிஸ்ட்ட அப்படியே காட்டுங்க. "விரதம்னு சொன்னது பொய், உங்கம்மா சமையல் மட்டும் இல்ல, எங்கம்மா வெக்கிற கத்திரிக்கா குழம்பும் என்னால முடியாது, சொல்ல வெக்கமா இருந்துச்சு"ன்னு சொல்லுங்க. கோவப்படும், படட்டும், அதுக்கு உரிமை இருக்கு. விரதம்ங்கிறது அவங்களுக்கு சாமி சம்மந்தப்பட்ட விஷயம், அத நீங்க சாக்கா எடுத்தது தான் தட்ட தள்ளினதவிட அதிகமா வலிச்சிருக்கும்.

அப்புறம் அந்தம்மா. பர்மீஸ்ல ரெண்டு வார்த்தை இருக்கு, உங்களுக்கு தெரியாததா, இருந்தாலும் ஞாபகப்படுத்துறேன். "மஸாஜின்பூ"ன்னா சாப்பிட இஷ்டம் இல்ல. "ஸாலோ மயாபூ"ன்னா சாப்பிட முடியல. இதுநாள் வரைக்கும் அவங்க காதுல விழுந்தது முதலாவது. நீங்க ரெண்டாவத சொல்லணும், பொண்ண விட்டு சொல்லச் சொல்லாம நீங்களே சொல்லணும், கூடவே அந்த முள்ளு கதையையும் சொல்லுங்க. மாட்டுக்கறிய தொடாத பர்மாக்கார குடும்பம் எத்தனையோ இருக்கு, உழுத மாட்ட திங்க மனசு வராதுன்னு சொல்லுவாங்க, அதனால ஒருத்தருக்கு ஒண்ணு உள்ள இறங்காதுங்கிறது அவங்களுக்கு புதுசு கிடையாது. ஆனாடேன்னு அவங்க சொல்ற அந்த சங்கோஜம் உங்ககிட்டயும் எக்கச்சக்கமா இருக்கு தம்பி, அதத்தான் பொய்யா மாத்தி வெச்சிருந்தீங்க. சொன்ன ஒடனே அவங்க சிரிச்சு கட்டிப்பிடிச்சுருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கொஞ்ச நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கலாம்.

தட்டுல என்ன பண்ணலாம்

சின்னப் புள்ளைங்கள வெச்சு செஞ்ச ஆய்வுகள்ல ஒரு புது சாப்பாட்ட எட்டுல இருந்து பதினஞ்சு தடவை வரைக்கும் ருசி பாக்க வெச்சதுக்கு அப்புறம்தான் ஏத்துக்குதுன்னு பாத்திருக்காங்க, நம்ம வீட்டுல ரெண்டு தடவை குடுத்துட்டு "இவனுக்கு பிடிக்காது"ன்னு முத்திரை குத்திருவோம். பெரியவங்க உங்களுக்கு இன்னும் கூடவே ஆகலாம். ஒரு நேரத்துல ஒரே ஐட்டம், வீட்டுல, யாரும் பாக்காதப்ப, பசி லேசா இருக்கும்போது, பயறு அளவு போதும். மொத நாள் பாத்தா போதும், அப்புறம் மோந்து பாக்கலாம், நாக்குல வெக்கலாம், துப்பலாம், துப்புறது தோல்வி கிடையாது.

எந்த ஐட்டம்னா, பேஜோ. நல்லா யோசிச்சுப் பாருங்க, மொஹிங்கா மேல ஒடச்சு போடுற அந்த மொறுமொறு பருப்பு பேஜோவுக்கும் நீங்க திங்கிற பருப்பு வடைக்கும் எவ்வளவு தூரம்? பக்கத்து வீட்டுத் தூரம்தான். அதே கிண்ணத்துல அவிச்ச முட்டை இருக்கு, அது ஏற்கனவே உங்க லிஸ்ட்ல இருக்கு. அரிசி நூடுல்ஸ் இருக்கு, அதுவும் நம்ம இடியாப்ப ஜாதிதான், ஆனா இடியாப்பமும் நீங்க சாப்பிடுறதில்லையே, சரி, அத ரெண்டாவதா வெச்சுக்கலாம். கொழம்ப தொட வேணாம், வாழைத்தண்டு எலுமிச்சைப்புல்லு எதுவும் வேணாம். நீங்க பயப்படுற அந்தக் கிண்ணத்துலயே பாதி வழி தெரிஞ்ச வழி. அந்தம்மாகிட்ட "எனக்கு தனித்தனியா வெச்சுக் குடுங்க"ன்னு கேளுங்க, மொஹிங்கா கடையில கூட பேஜோ தனியா, முட்டை தனியாத்தானே வெச்சிருக்கான்.

மூணு மாசத்துல பேஜோ மட்டும்தான் பழகுச்சுன்னாலும் எனக்கு அது சந்தோசம். கல்யாண விருந்துல புதுசா எதையும் முயற்சி பண்ணாதீங்க, அன்னிக்கு உங்களுக்கு ரசமும் உருளைக்கிழங்கும் தனியா வெக்கச் சொல்லிருங்க, மாப்பிள்ளைக்கு அந்த சலுகை கூட இல்லாம எப்படி. அந்த உருளைக்கிழங்கும் ரசத்துல கெடக்குற காஞ்ச மிளகாயும் கூட கப்பலேறி வந்த வெளியூர் சரக்குதான், நம்ம முப்பாட்டனுக்கு முப்பாட்டன்ல எவரோ ஒருத்தரு அத மொத தடவை பாத்துட்டு மூக்க சுளிச்சிருப்பாரு, கண்டிப்பா. அந்தப் பக்கமும் அப்படித்தான், 1960கள்ல இங்கருந்து கப்பல்ல போனவங்க கொண்டு போன அத்தோங்கிற பர்மா நூடுல்ஸ இன்னிக்கு மெட்ராஸ்ல வரிசையில நின்னு வாங்கித் திங்கிறாங்களாம்.

பொறக்கப்போற புள்ள

இங்கிலாந்துல 2007ல அஞ்சாயிரத்துக்கு மேல இரட்டையர் ஜோடிங்கள, எட்டுல இருந்து பதினோரு வயசு, பாத்துட்டு புது சாப்பாட்டுத் தயக்கத்துல ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் உள்ள வித்தியாசத்துல 78 சதவீதம் பரம்பரையால வர்றதுன்னு சொன்னாங்க. இத கேட்டு பயந்துறாதீங்க. உங்க புள்ளைக்கு 78 சதவீதம் வந்துரும்னு இதுக்கு அர்த்தம் இல்ல, மாத்தவே முடியாதுன்னும் அர்த்தம் இல்ல. கிட்டப்பார்வையும் தான் குடும்பத்துல ஓடுது, கண்ணாடி போட்டுட்டு பஸ் நம்பர் படிக்கிறோமே. வரலாம், வராமயும் போகலாம். வந்தா அந்தப் புள்ளைய அடிச்சு ஊட்டக்கூடாதுன்னு தெரிஞ்ச அப்பா ஒருத்தரு வீட்டுல இருப்பாரு. வயித்துல இருக்கும்போதும் தாய்ப்பால் குடிக்கும்போதும் அம்மா திங்கிற ருசி புள்ளைக்கு போய்ச் சேருது, அதனால உங்க வீட்டம்மா மொஹிங்காவும் நாப்பியும் தாராளமா சாப்பிடட்டும், "வாடை அடிக்குது"ன்னு மட்டும் சொல்லிறாதீங்க, ஜன்னல தொறந்து வெச்சுக்கோங்க.

டெஸ்ட் ரிசல்ட் வந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்க. பேஜோ மோந்து பாக்குற கட்டத்துல இருக்கா, கடிக்கிற கட்டத்துக்கு வந்துருச்சான்னும் சேத்து எழுதுங்க.